ஆட்டு இதயம், கோழி நெஞ்சு, கடலை வேர்

ஆய்வுக்கூடத்தில் இரவு வேலை பார்ப்பது கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் நிற்பது மாதிரி. எல்லாவற்றையும் நாம்தான் தயார் செய்வோம், தாலி கட்டுவதை மட்டும் பார்க்க மாட்டோம். ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பகலில் தூங்கும் உறவுகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இரவு உதவியாளன் நான். படித்தது பன்னிரண்டாவது. மீதியை நூலகப் புத்தகமும் போனும் சொல்லிக்கொடுத்தன. அங்கே ஆய்வு மாணவி தேன்மொழி மேடம் ஒரு நொதியின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்று பெயர். ஓடி ஓடிக் காற்றுப் போதாமல் தவிக்கும் தசைக்கு அதுதான் கைகொடுக்கும். ஆட்டில், கோழியில், மீனில், செடியில் அது எப்படியெப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஐஸில் வைத்து அரைத்து, இயந்திரத்தில் சுழற்றி, தெளிந்த சாற்றை எடுத்து வைப்பது என் வேலை.

பகலில் அவர் அந்தச் சாற்றைச் சோதிப்பார். நொதி வேலை செய்யச் செய்யக் கணினித் திரையில் ஒரு கோடு கீழே இறங்குமாம். இறங்குமாம்! அந்த அறைச் சாவி பகல் சிப்பந்தி முனுசாமியிடம். இரவு ஆட்கள் விடிந்ததும் கையெழுத்துப் போட்டு வெளியேறிவிட வேண்டும். வருஷக்கணக்காக அரைத்தவன், அந்தக் கோட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஆசை.

இதயம் மட்டும்

சாம்பிள் வாங்குவதும் என் பொறுப்பு. அறுத்த சூட்டோடு வேண்டும் என்பதால், கறிக்கடை பாய் சாயங்காலம் ஓட்டல்களுக்கு ஆடு அறுக்கும் நேரத்துக்குப் போய் நிற்பேன். "கழுவாதீங்க பாய், துண்டு போடாதீங்க, அப்படியே ஐஸ்ல போடுங்க" என்பேன். ஈரல் எடுத்துக்கொள்ளச் சொல்வார், வேண்டாம் என்பேன். நுரையீரல்? வேண்டாம்.

பல வாரம் பொறுத்துப் பார்த்தார் மனிதர். ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனச்சுக்காதீங்க, வாரா வாரம் இதயம் மட்டும் வாங்கினு போறீங்களே, வூட்ல சம்சாரம் உங்களுக்கு இன்னா வைத்தியம் பண்ணுது?" என்றார்.

மோர்ப் பெட்டி

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஆட்டோ விடமாட்டார்கள். ஒரு பௌர்ணமி மாலை, ஏரியில் பிடித்த விரால் மீனை ஐஸ் பெட்டியில் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு, செருப்பில்லாமல் நடக்கும் பக்தர் கூட்டத்துக்குள் நானும் நடந்தேன். தோள் கடுத்ததால் ஓரமாகப் பெட்டியை இறக்கினேன். அவ்வளவுதான், எனக்கு முன்னால் வரிசை நின்றுவிட்டது. பெட்டியோடு ஓரத்தில் நிற்பவர்களெல்லாம் அன்று தானம் செய்பவர்கள்தானே!

"மோருங்களா?" "இல்லீங்க." "அப்ப ஜூஸா?" மீன் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? "மருந்துங்க" என்று உளறினேன். முன்னால் நின்ற அம்மா கெண்டைக்காலைப் பிடித்துவிட்டபடியே டம்ளரை நீட்டினார்: "காலு ரொம்ப வலிக்குதுப்பா, அதுலயே கொஞ்சம் குடு."

கோழி நெஞ்சு

தூரம் தூரமாகப் பறக்கும் பறவைகளுக்கு நெஞ்சுத் தசையிலும் இதயத்தில் இருக்கும் வகை நொதிதான் இருக்குமாம். கோழிக்கு அப்படியில்லை, சட்டென்று எம்பி, உடனே இறங்குவதற்கான வகை. இதை மேடம் சொன்ன நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை. பண்ணைக் கோழி அந்த ஒரு எம்பலைக்கூட எம்பியதில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் எல்லாம் தயாராக இருக்கிறது.

வீட்டில் என் மனைவி சரசுவிடம் சொல்லிப் புலம்பினேன். ஜன்னல் போர்வையை உதறி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "மொதல்ல நீங்க ஒரு பகல் முழுசா வூட்ல முழிச்சினு இருக்கறதுக்கு வழி பண்ணுங்க, அப்புறம் கோழியப் பறக்க வுடலாம்."

மூழ்கிய கடலை

தண்ணீர் தேங்கினால் வேருக்கும் காற்றுக் கிடைக்காது. அப்போது அதற்குள்ளும் இதே நொதி எழுந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் மேடம். கீழ்பென்னாத்தூர் போய், பெருமாள் என்ற விவசாயியிடம் கடலைச் செடிகளை மண்ணோடு பெயர்த்துத் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். தொட்டியில் வைத்துத் தண்ணீரில் மூழ்கடிக்க என்றேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"மழ ஜாஸ்தியாகி வேரு அழுவிப்போச்சேன்னு நாங்க தலைல கை வெச்சினு உக்காந்திருக்கோம், நீங்க காசு குடுத்து வாங்கினு போயி முழுவடிக்கிறீங்களா?"

கோடு

மேடத்தின் ஆய்வு முடிந்தது. வேறு ஊருக்குப் போகிறார் என்று தெரிந்ததும் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் முனுசாமியைக் கெஞ்சி, ஒருநாள் நான் வேலைக்கு வரும்வரை அறையைப் பூட்டாமல் இருக்கவைத்தார். ஆடு, கோழி, மீன் எல்லாச் சாறும் தீர்ந்துபோயிருந்தன. மிச்சம் கடலை வேர்தான்.

"நீங்களே ஊத்துங்க அண்ணா" என்றார். சாற்றைச் சோதனைக் குப்பியில் ஊற்றினேன். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் இறங்குவது மாதிரி அந்தக் கோட்டை எத்தனை பகல் கண்ணை மூடிப் பார்த்திருப்பேன்! திரையில் அது படுத்தே கிடந்தது.

"செத்துப்போச்சுங்களா மேடம்?"

"இல்லண்ணா, செடியில கம்மி. மத்ததெல்லாம் சர்ருனு இறங்கிடும். இது மெதுவாதான் வரும்."

உட்கார்ந்தோம். இமைக்கப் பயமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, கோட்டின் வலது முனை இடது முனையைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தது. "இறங்குது மேடம்" என்றேன். ஆய்வை முடித்துவிட்ட அவருக்கு இதில் பார்க்க ஒன்றும் பாக்கியில்லை. ஆனாலும் இயந்திரத்தை நிறுத்தவில்லை, ஓடவிட்டார்.

சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே முனுசாமி உள்ளே வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, திரையையும் குனிந்து பார்த்தார். "இந்தக் கோணக் கோட்டப் பாக்கறதுக்கா என்ன வூட்டுக்குப் போவவுடாம நிறுத்தி வெச்சீங்க?"

உறவுகளே, ஒரு கோட்டைப் பார்த்துவிட்டால் ஆசை தீர்ந்து பகலில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்பியிருந்தேன். இப்போது, மெதுவாக இறங்கியதைப் பார்த்தாயிற்றே, சர்ரென்று இறங்குவதையும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று படுத்துக்கொண்டே விழித்திருக்கிறேன்.