கொட்ட வேண்டிய மீதி

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் நடந்துகொண்டேதான் காத்திருப்பேன். அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தபோது இதைச் சுறுசுறுப்பு என்று மெச்சினார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று மேட்ரன் எல்லோரிடமும் சொல்லுவார். அந்தச் சக்கரத்தின் பெயர் பெத்தடின் என்று அவருக்குத் தெரியாது.

பெத்தடின் வலிக்குப் போடும் ஊசி மருந்து. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறையில் தீப்பிடித்தால் வெந்த உடம்புகள் எங்கள் வார்டுக்குத்தான் வரும். வாழை இலையில் கிடத்துவோம், ஊசி போடுவோம். அந்த ஊசி மருந்து இருந்த அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது. என் உடம்புக்குள் அது முதலில் முறையாகத்தான் வந்தது. எங்கள் ஊர்த் தண்ணீருக்குக் கல்லடைப்பு சாதாரணம். நான் சுருண்டு கிடந்த அன்று டாக்டரே போட்டுவிட்டார். வலி போனது. அதோடு வார்டின் நாற்றம், ஓலம், ஊரில் எனக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எல்லாமே போய்விட்டன. நாலு நாளில் கல் இறங்கிவிட்டது. ஆசை இறங்கவில்லை.

திருடத் தைரியம் இல்லை. எனக்கு வழிகாட்டியது மீதிதான். மருந்து கண்ணாடிக் குப்பியில் வரும், உடைத்தால் மறுபடி மூட முடியாது. டாக்டர் அரைக் குப்பி போடச் சொன்னால் மற்ற பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கொட்டியதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டேன். கொட்டவில்லை. நோயாளிக்கு உரியது நோயாளிக்குப் போய்விட்டது, நான் எடுத்தது சாக்கடையின் பங்கு, இதில் யார் குடி கெட்டது? இப்படி ஏழு மாதம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வக்கீலாகப் போயிருந்தால் பிழைத்திருப்பேன்.

தீபாவளி நெருங்கிய ஒரு நாள். வார்டு முழுக்க வளர்ந்த ஆண்கள், எல்லோருக்கும் முழுக் குப்பி. மூன்று நாளாக எனக்கு மீதி கிடைக்கவில்லை. மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி, முழங்காலுக்குள் எறும்பு ஊர்ந்தது. ஒரு பாவமும் அறியாத ஆயாவைப் பிடித்துக் கத்தினேன். விரித்த படுக்கைகளையே திரும்ப விரித்தேன். மத்தியானம் லாரிச் சத்தம் கேட்டது. நான் கத்தியதை மறந்து அதே ஆயா ஓடி வந்தாள்.

"நர்சம்மா, சிவகாசியில இருந்து வந்திருக்காக. மூணு பேரு. ஒண்ணு சின்னப் பிள்ளை."

சின்னப் பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்ன உடம்புக்குச் சின்ன அளவு, மீதி அதிகம். இதை எழுதும்போது என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

பெண்பிள்ளை, எட்டு ஒன்பது வயது இருக்கும். இரண்டு கையும் கழுத்தும் வெந்திருந்தன. பெரியவர்கள் இருவருக்கும் போட்ட பிறகு கடைசிக் குப்பியை உடைத்து, டாக்டர் சொன்ன கால் பங்கை அவளுக்குப் போட்டேன். குப்பியையே பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா கேட்டாள்.

"இம்புட்டுத்தானா நர்சம்மா? இன்னும் அம்புட்டு இருக்கே."

"சின்ன உடம்புக்கு அவ்வளவும் போடக் கூடாதும்மா."

பிள்ளை கண் அசந்தாள். நான் தடுப்புக்குப் பின்னால் போய் மீதியை வேறொரு சிரிஞ்சில் இழுத்து, துணியில் சுற்றி ஏப்ரன் பையில் போட்டேன். வெளியே வந்தால் எதிரே டாக்டர்.

"சிஸ்டர், இன்னிக்கு மீதியைக் கொட்டிடாதீங்க. மதுரையிலேருந்து நாளைக்குக் காலையிலதான் மருந்து வருது. சிரிஞ்சில இழுத்து மூடி வச்சு, இந்தப் பிள்ளை முழிச்சா மறுபடி போடலாம்."

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தவறவில்லை. பையில் கையை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"கொட்டிட்டேன் டாக்டர்."

"சரி, உங்க மேல தப்பில்லை. முறை அதானே" என்றார் அந்த நல்ல மனிதர். கால் மணி நேரத்தில் என் முழங்கால் எறும்புகள் அடங்கிவிட்டன.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் தவிக்க வேண்டாம். எனக்கு வேலை போனதும், எட்டு நாள் கைகால் உதறிக் கிடந்ததும், பிறகு சாவி இல்லாத வேலையாகப் பார்த்துப் போனதும் தனிக் கதை. அவள் பிழைத்ததால் நான் செய்தது குறைந்துவிடாது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளை விழித்தாள். மாத்திரை கொடுத்தோம், வாந்தி எடுத்துவிட்டாள். இலையில் முதுகு படாமல் எழும்பி எழும்பி விழுந்தாள். அம்மா ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா, மத்தியானம் மீதி இருந்துச்சே. அதைப் போட்டா என்ன?"

"கொட்டியாச்சும்மா."

"எங்கன கொட்டுனீக? தரையில கிடந்தாக்கூட துணியில ஒத்தி எடுத்திரலாமே."

எழுந்து தேடவே கிளம்பிவிட்டாள். தொட்டிப் பக்கம் போய்க் குனிந்து, ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கொட்டலைம்மா. நான் எனக்குப் போட்டுக்கிட்டேன்."

திட்டுவாள், மயிரைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்தில் வந்து என் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எங்கன வெந்துச்சு நர்சம்மா?"

குத்தலாகக் கேட்கவில்லை. வலி இருப்பவர்களுக்குத்தான் அந்த ஊசி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எங்கேயும் இல்லையென்று சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை. என் கையை விட்டுவிட்டு மறுபடி பிள்ளைக்கு விசிறப் போனாள்.

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டு மேட்ரன் அறைக்கு நடந்தேன். கதவைத் தட்டிக் காத்திருந்தபோதும் அந்தப் பிள்ளை அழுவது கேட்டுக்கொண்டிருந்தது.