வெள்ளிக்கிழமை எரியாத அடுப்பு

என் அம்மா அன்னம்மாள் ஆறு வருஷம் வெள்ளிக்கிழமைகளில் அடுப்பு மூட்டவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஆரம்பித்து ஐம்பத்தேழு வரைக்கும். அவள் மட்டும் பட்டினி கிடந்திருந்தால் அது அவள் பக்தி என்று விட்டுவிடலாம். என்னையும் சேர்த்துப் பட்டினி இருக்கச் சொன்னாள். எழுபது வயது தாண்டியும், உபவாசம் என்று யாராவது வாயெடுத்தால் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வருகிறது. அழுகை அப்புறம்தான்.

எங்கள் வீடு ஆம்பூரில், தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பா சாமுவேலுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முடி கழற்றுகிற இடம் அது. காலையில் இறங்கினால் பொழுது சாயத்தான் ஏறுவார். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய் வெள்ளை வெள்ளையாக இருக்கும். வாசலிலேயே உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கீர்த்தனை பாடுவார். நல்ல குரல். ரயிலில் போகிறவர்கள் எங்கள் ஊர் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாற்றம் எனக்கு அப்பாவின் வாசனை. இப்போது ஒரு தரம் கிடைத்தால் கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்வேன்.

அம்மா பள்ளிகொண்டாவில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்துவிட்டுப் பதினேழு வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுவாள். முறத்தைப் பார்க்காமலே விரல் சுற்றும், கண் தெருவை அளக்கும், வாய் யாரையாவது திட்டும். கோபம் மூக்கு நுனியில். பிடித்தால் பிடித்ததுதான், முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. அந்தக் குணத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், ஜெயசீலன். ஐம்பதாம் வருஷம், மூன்று வயதில், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டான். கல்லறையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு அப்பாவின் பாட்டு நின்றது. கொஞ்ச நாளில் குடி ஆரம்பித்தது. மதுவிலக்குச் சட்டம் இருந்த காலம்தான். சட்டம் பாட்டுக்குச் சட்டம், பாலாற்று மணலில் பானை புதைத்துவைத்து விற்கிறவர்கள் பாட்டுக்கு விற்றார்கள். சபையில் விசாரித்து அப்பாவைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தார்கள். எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எழுந்து போகும்போது அவர் மட்டும் பாயில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் குனிந்த தலையை அம்மாவால் தாங்க முடியவில்லை. அவர் திரும்பவும் எழுந்து நடந்து போய் அப்பம் வாங்க வேண்டும். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

சபையில் தனபாக்கியம் அக்கா என்று ஒரு பைபிள் ஸ்திரீ. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அவர்தான் வந்து அம்மாவிடம் சொன்னார்.

"இது குடி இல்ல அன்னம்மா, இது ஆவி. சும்மா சொன்னா போவாது. வயித்தக் கட்டி ஜெபிச்சாத்தான் போவும். ஆண்டவர் பாடுபட்ட வெள்ளிக்கிழமை உன் வீட்டு அடுப்பே உபவாசம் இருக்கணும்."

அன்றைக்குப் பிடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அடுப்புச் சாம்பலை வழித்துப்போட்டு, முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி அப்பாவுக்கென்று ஒரு சட்டியில் மூடிவைப்பாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால், முழங்காலில் நின்று கதறிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். நான் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அடுப்பு மேல் பூனை தூங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர் தோல் ஷாப்புகளில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. முதலாளிகள் முஸ்லிம்கள், ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு. அதனால் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையை விடியற்காலையிலேயே முடித்துவிடுவார்கள். அப்பா மற்ற நாட்களில் கொஞ்சமாகக் குடிப்பார், சில நாள் குடிக்கவே மாட்டார். வெள்ளிக்கிழமையென்றால் தள்ளாடிக்கொண்டுதான் வருவார்.

இதைத் தனபாக்கியம் அக்கா எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? "பாத்தியா, நாம ஜெபிக்கிற அன்னிக்குத்தான் அது ஜாஸ்தி ஆடுது. ஜெபம் அதுக்குச் சுடுது. விடாத அன்னம்மா!" என்றார். அம்மாவும் விடவில்லை. அப்பா ஆட ஆட இவள் முழங்கால் காய்த்தது. முட்டாள்தனம் என்று இப்போது சொல்ல எனக்கு வாய் வருகிறது. அப்போது நானும் அதைத்தான் நம்பினேன்.

நம்பினதால்தான் எனக்குத் தனியாக ஒரு வேதனை. பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அஜீஸுன்னிசா வீடு. அவர் புருஷன் அப்பா வேலை செய்த ஷாப்பிலேயே மேஸ்திரி. அஜீஸுன்னிசாவை நான் காலா என்பேன், உருதுவில் சின்னம்மா. ஜும்ஆ முடிகிற நேரத்துக்குச் சந்து முழுக்கக் கறி வாசனை கிளம்பும். ஒவ்வொரு வீட்டிலும் தாளிக்கிற சத்தம் கேட்கும், எங்கள் வீட்டில் மட்டும் இருக்காது. பசி வந்தால் பத்தும் பறக்கும். காலா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "வாடி கிருபா" என்பார். போய்த் தட்டு நிறைய வாங்கித் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்து, வேப்பிலையை மென்று துப்பிவிட்டு வருவேன். இரவில் அப்பா தள்ளாடி வரும்போது நான் பாயில் சுருண்டு கண்ணை மூடிக்கொள்வேன். நான் சாப்பிட்டதால்தான் அந்த ஆவி போகவில்லை என்று நினைத்தேன். ஆறு வருஷம் அப்படி நினைத்தேன். சின்னப் பிள்ளைக்கு எத்தனை பெரிய பாரம், பாருங்கள்!

ஐம்பத்தேழில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா வீட்டுக்கு வரவே இல்லை. சனிக்கிழமை காலையில் சேதி வந்தது. அவரோடு குடித்த நந்தகோபால் என்ற குழி வேலைக்காரருக்குக் கண் பார்வை போய்விட்டது. எதையோ கலந்து விற்றிருக்கிறார்கள். அப்பா பாதிக் குவளை குடித்ததுமே வாந்தியெடுத்ததால் பிழைத்து, ஆற்று மணலில் கிடந்தார். மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "கிருபா" என்றார். கண் தெரிகிறது என்று நான் ஓவென்று அழுதேன்.

அம்மா அழவில்லை. திங்கட்கிழமை அப்பா எழுந்து வேலைக்குப் போனதும் மூன்று நாள் உபவாசம் என்று உட்கார்ந்துவிட்டாள். பச்சைத் தண்ணீர்கூட இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் முறத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நான் போட்ட கூச்சலில் காலா பின்கட்டு வழியாக ஓடிவந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி, கஞ்சியை வாயருகே கொண்டுபோனார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க வேதம் உனக்கு இன்னா தெரியும்க்கா? அந்த மனுசன விட்டு அது போற வரைக்கும் வாயில தண்ணி படாது."

காலா அப்படிக் கோபப்பட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கஞ்சிக் கிண்ணத்தை ணங்கென்று தரையில் வைத்தார்.

"அரே, நாங்க நோன்பு வெக்கிலயா? எனக்கா உபவாசம் தெரியாது? உன் வீட்டுக்காரருக்கு வாரத்துல ஒரு நாள் லீவு. அன்னிக்கு உன் வீட்ல புகை வர்றதில்ல. எங்க வீட்டுக்காரரு தொழுதுட்டு வரும்போது உன் வீட்டுக்காரரு டீக்கடைல குந்திக்கினு இருக்காராம். 'வாங்க சாமுவேல், ஒரு வாய் சாப்ட்டுப் போலாம்'னு கூப்ட்டா இன்னா சொல்றாராம் தெரியுமா? 'வீட்ல சமைச்சிருக்காங்க பாய்'னு சொல்றாராம். ஆறு வருஷமா இதே பதில். சொல்லிட்டு நேரா ஆத்துப் பக்கம் போறாராம்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அப்பா ஆறு வருஷமாக இல்லாத சமையலைச் சொல்லி எங்கள் வீட்டு மானத்தை மூடிவைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கிண்ணத்தை எடுத்துக் கஞ்சியைக் குடித்தாள். குடித்துவிட்டு, "நீ போக்கா" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைச் சேலைக்குப் பதில் பழைய சுங்குடியைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கத்தரிக்காயும் நெத்திலிக் கருவாடும் வாங்கிவந்தாள். என் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, "பூனைய விரட்டு" என்றாள். கோயிலுக்குக் கூப்பிட வந்த தனபாக்கியம் அக்கா, அடுப்பு எரிவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? ஆண்டவர் பாடுபட்ட நாளாச்சே!"

"ஆண்டவருக்கு ஏழு நாளும் என்னைத் தெரியும்க்கா. என் வீட்டுக்காரருக்கு லீவு ஒரு நாள்தான். நான் செவ்வாக்கிழமை உபவாசம் இருந்துக்கறேன்."

"பாதியில விட்டா பிசாசு ஏழு மடங்கு வரும்."

"வரட்டும். அதுக்கும் சேத்துத்தான் உலை வெச்சிருக்கேன்."

தனபாக்கியம் அக்காவிடம் அம்மா எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு மாதம் கழித்து அவரே வந்து அதே கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையிலேயே வெளியே போயிருந்த அப்பா, சட்டையை மாற்றிக்கொண்டு போகலாம் என்று பன்னிரண்டு மணிக்கு வந்தார். கூரையில் புகையைப் பார்த்துச் சந்திலேயே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"யார்னா விருந்தாளி வந்திருக்காங்களா கிருபா?"

உள்ளே இருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"நீங்கதான் வந்திருக்கீங்க. கால் கழுவிக்கினு வந்து உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். மூன்று தடவை சோறு வாங்கினார். சாப்பிடச் சாப்பிட அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் விழுந்தது, காரம் ஜாஸ்தி என்றார். காரமே இல்லை, எனக்குத் தெரியும். பிறகு அங்கேயே பாயைப் போட்டுப் படுத்துப் பொழுது சாயும்வரை தூங்கினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே ஈ ஓட்டினாள். அதுதான் என் வாழ்க்கையில் பார்த்த நல்ல வெள்ளிக்கிழமை.

ஒரே நாளில் ஆவி ஓடிப்போனது என்று சாட்சிக் கூட்டத்தில் சொன்னால் அல்லேலூயா போடுவார்கள். அப்படி நடக்கவில்லை. நடுநடுவே விழுந்தார், வாசலில் கிடந்தார், அம்மா வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமை அடுப்பு நிற்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்றுகூட அவருக்கு மட்டும் கஞ்சி வைத்தாள். செவ்வாய்க்கிழமை அவள் பட்டினி என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒன்றரை வருஷத்தில் குடி நின்றது. அதன் பிறகு இன்னொரு ஒன்பது வருஷம் எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் பாடினார். அறுபத்தெட்டில் நெஞ்சுவலியில் போனார்.

ஐம்பத்தொன்பதில் ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையில் போதகர் ஐயர் அப்பாவின் பெயரைச் சொல்லித் திருவிருந்துக்கு அழைத்தார். அப்பா எழுந்தார். சுண்ணாம்பில் வெடித்த அந்த இரண்டு கையையும் நீட்டி அப்பத்தை வாங்கினார். அம்மா தலைமுக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், இனி மறைப்பது பாவம் என்று நான் சொல்லிவிட்டேன். "அம்மா, உபவாச நாளெல்லாம் நான் காலா வீட்டுல சாப்ட்டேன். என்னாலதான் இவ்ளோ வருஷம் ஆச்சு."

அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அம்மா நடந்துகொண்டே சொன்னாள்.

"தெரியும்டி. வேப்பிலை மென்னா கறி வாசனை போயிடுமா? அஜீஸக்காகிட்ட உனக்குச் சோறு போடச் சொன்னதே நான்தான். பெத்த வயிறு கேக்கல." கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள். "உனக்குச் சொன்னனே, அந்த மனுசனுக்கும் ஒரு தட்டு வெய்யிக்கான்னு சொல்லத் தோணலியேடி எனக்கு."

அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். எங்கள் சந்தில் பெண்கள் புருஷனுக்குப் பத்தடி பின்னால்தான் நடப்பார்கள். அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எட்டி நடை போட்டு, அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.