மறிக்கிறவனின் விலை

வாங்க வந்தவர் விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்தால் போதும், கலாவதி சேலையை மடிக்கத் தொடங்கிவிடுவார். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. "பரவாயில்லை, ஆறுதலா யோசியுங்கோ" என்றபடி கரையோடு கரை சேர்த்து மடித்துத் தட்டில் ஏற்றுவார். சேலை பாதித் தூரம் ஏறுவதற்குள், "அக்கா, அதைத் திருப்பி எடுங்கோ" என்று குரல் வந்துவிடும். பாரிஸின் ரூ காய் தெருவில் சேலைக்கடை திறந்த நாளிலிருந்து அவர் ஒரு யூரோகூட இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

இந்த அம்மா ஐஸ் ஹொக்கி அணி ஒன்றை நடத்துகிறார் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்! ரொறன்ரோவில் தங்கை அஜந்தாவின் குடும்பத்தார் கைபேசியில் ஆடும் ஆட்டம் அது. உண்மையான வீரர்களை ஆளுக்குச் சிலராகப் பங்குபோட்டுக்கொள்வார்கள். அந்த வீரர்கள் களத்தில் ஆட ஆட இவர்களுக்குப் புள்ளி ஏறும். ஆள் ஒன்று குறைகிறதென்று கலாவதியையும் இழுத்துப் போட்டார்கள். எல்லோரும் கோல் அடிக்கிறவர்களுக்காக அடித்துக்கொள்ள, இவரோ பின்னால் நின்று தடுக்கிறவர்களைப் பேசாமல் அள்ளிக்கொண்டார். அன்றைக்குச் சிரிப்போ சிரிப்பு.

"முன்னுக்கு ஓடுறவன் எங்கையும் கிடைப்பான். மறிக்கிறவன்தான் அருமை. ஆவணியிலை நல்ல கூறைச் சாறி மாதிரி, தேடினாலும் கிடையாது" என்பார். வாயில் நுழையாத பின்லாந்துப் பெயர்களோடு அவர் மல்லுக்கட்டுவதில்லை. ஒருவன் 'பல்லில்லாதான்', நெடுநெடுவென்று வளர்ந்த இன்னொருவன் 'தென்னை'. தென்னைதான் செல்லப்பிள்ளை. "என்ரை தென்னை நேற்று ஒருத்தனையும் கிட்ட அண்டவிடேல்லை!" என்று அவர் பூரிப்பதைக் கேட்கிறவர்கள், பெற்ற பிள்ளையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அஜந்தாவை நேரில் பார்த்து எவ்வளவோ காலம். கடையைப் பூட்டிவிட்டு இவரால் அசைய முடியாது. தங்கையின் கணவர் அரியரத்தினமோ, "அடுத்த வருசம் கட்டாயம் அக்கா" என்று வருடா வருடம் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு புளோரிடாக் கடற்கரைக்குப் போய்விடுவார். அந்த மனிதருக்குத்தான் இந்த மார்ச்சில் இடி விழுந்தது. குடும்ப ஆட்டத்தின் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவருடைய தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் காயப்பட்டுப் படுத்துவிட்டார்கள். குடும்பத்தில் வேறு யாரிடமும் நல்ல தடுப்பாட்டக்காரன் இல்லை. ஆள் மாற்றிக்கொள்ளக் கடைசி நேரம், சனிக்கிழமை பாரிஸில் மாலை ஆறு மணி.

சனிக்கிழமை கடை நிறையச் சனம். புதுச்சேரிக்காரி லூசியாவுக்கு ஒரு நீலப் பட்டுச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கையில் கைபேசி அலறியது. அரியரத்தினம்.

"அக்கா, தென்னையைத் தாங்கோ. கோல் அடிக்கிற ரெண்டு பேரைத் தாறன்!"

"பரவாயில்லை தம்பி, ஆறுதலா யோசியுங்கோ." கலாவதி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அது மறுபடி அலறியது. "மூண்டு பேர்! ஐயோ அக்கா, நேரம் முடியப்போகுது!"

கலாவதி சுவர்க்கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார். குரல் மட்டும் சேலைக்கு விலை சொல்லும் அதே குரல்.

"எனக்கு உங்கடை ஒருத்தரும் வேண்டாம். ஓகஸ்டிலை எங்கடை பிள்ளையார் கோயில் தேருக்கு அஜந்தா இஞ்சை நிக்கவேணும். இப்பவே பிளேன் ரிக்கற் போட்டு அனுப்புங்கோ, தென்னை உங்களுக்கு."

"அக்கா, இது சும்மா விளையாட்டெல்லோ…"

"ஓம், விளையாட்டுத்தான். அப்ப அடுத்த வருசம் பாப்பம்." தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

இனி அவர் கூப்பிடாவிட்டால்? அஜந்தாவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் கொறைச்சுப் போடக்கூடாதா மதாம்?" என்று லூசியா முகத்தைச் சுளித்தாள். கலாவதியின் கைகள் தம்பாட்டில் நீலப் பட்டை மடிக்கத் தொடங்கின. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. டிங் என்றது கைபேசி.

ரொறன்ரோவிலிருந்து பாரிஸ். ஓகஸ்ட். பயணி பெயர்: அஜந்தா.

"என்ரை பிள்ளையாரே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. பொத்தானை அழுத்தித் தென்னையை அனுப்பிவைத்தார். பிறகு பாதி மடித்த நீலப் பட்டை உதறி விரித்து, லூசியாவின் தோளில் தன் கையாலேயே போட்டார்.

"நீங்கள் சொல்லுற விலைக்கே எடுங்கோ, தங்கச்சி."