மொட்டைமாடியில் நனைந்த தலையணைகள்

சண்டைக் காலத்தில் ஊரிலிருந்து கொழும்புக்கு வந்த சொந்தமெல்லாம் வெள்ளவத்தையில் என் வீட்டில்தான் தங்கிப் போனது. எல்லாருடைய தலை எண்ணெயும் ஊறி என் தலையணைகள் மஞ்சளாகிவிட்டன. அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து மச்சாள் வருவதாகக் கடிதம் வந்தது. ஊத்தை வீடு என்று அவவிடம் பேச்சு வாங்க நான் ஆளில்லை. நாலு தலையணைகளையும் சோடாவில் ஊறவைத்து, தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவினேன். வெள்ளையாக வந்தன. மொட்டைமாடியில் காயப்போட்டேன்.

மத்தியானம் கடல் பக்கம் இருண்டது. ஓடினேன். படியில் ஆமிக்காரன் ஒருவன் மறித்தான். வீட்டு முன்னால், காலிக்குப் போகும் பெருந்தெருவால் யாரோ அரசாங்கப் பெரியவர் போகிறாராம், ஒருவரும் மேலே ஏறக்கூடாதாம்.

"மல்லி, என்ர தலாணி நனையப்போகுது." தம்பி என்று கூப்பிட்டது மட்டும் சிங்களம், மிச்சம் தமிழ்.

"பே அம்மே, பே." ஏலாது என்று கையையும் ஆட்டினான்.

"உந்தப் பெரியவர் என்ர தலாணியிலயே வந்து படுக்கப்போறார்?"

நல்லகாலம், அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை.

மழை ஒரு மணித்தியாலம் கொட்டியது. அவன் விட்டபிறகு ஏறிப் பார்த்தால், தலையணைகள் பஞ்சு கட்டிகட்டியாகி, பழையதைவிட மஞ்சளாகக் கிடந்தன.

மூன்றாம் நாள் மச்சாள் வந்தா. வந்ததும் தலையணை உறையை விலக்கிப் பார்த்தா.

"இதுகளை ஒருக்காத் தோய்ச்சால் என்ன?"

"நேரமில்லை," என்றேன்.