ரெங்கம்மாவின் ஊமத்தஞ்செடி

கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்பார்கள். ரெங்கம்மாவிடம் குணத்தைத் தேடிப் போனவர்கள் பாதி வழியிலேயே திரும்பியிருக்கிறார்கள். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்து, கடைசியில் இழுப்பு நோயை மட்டும் சம்பாதித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

இழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைக்க வேண்டும். எப்போது போனாலும் “இன்னும் வரல்ல” என்று காய்ச்சல் மாத்திரை பெனடோல் இரண்டைக் கையில் வைப்பார் டிஸ்பென்சரி ஐயா. மூச்சு முட்டுகிறவளுக்குப் பெனடோல். வயிறு எரிந்துதான் ரெங்கம்மா தன் அப்பா செய்ததைத் தானும் செய்தாள். வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் வேலியோரம் ஓர் ஊமத்தஞ்செடி வளர்த்தாள். அதன் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகையை இழுத்தால் நெஞ்சு கொஞ்சம் இளகும். அது விஷம் என்று அவளுக்கும் தெரியும், மருமகள் சுதர்ஷினிக்கும் தெரியும். செடியை இருவரும் தள்ளியே வைத்திருந்தார்கள். அதன் முள்ளுக்காய் வெடித்துக் கீரைப் பாத்தியில் விதை சிதறும் என்பதைத்தான் இருவரும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனிமூட்டத்தில் சுதர்ஷினி மணத்தக்காளிக் கீரை கிள்ளினாள். கொழுந்து பறித்துப் பழகிய கைக்குக் கண் தேவையில்லை. இளசு இருக்கிற இடத்துக்கு விரல் தானாகப் போகும். கீரையோடு முளைத்திருந்த ஊமத்தங்கன்றுகளின் இளந்துளிரையும் அந்த விரல்கள் விட்டுவைக்கவில்லை. மத்தியானம் அதைக் கடைந்து சோற்றில் பிசைந்து தின்றாள். ரெங்கம்மாவுக்கு அன்று இழுப்பு அதிகம். சோறு இறங்கவில்லை என்று பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுதர்ஷினிக்கு வாய் வறண்டது. முகம் சிவந்து, உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு எழுந்து நின்று காற்றில் கொழுந்து பறிக்க ஆரம்பித்தாள். இரண்டு கையும் பரபரவென்று ஓடின. பறித்ததையெல்லாம் முதுகுக்குப் பின்னால், இல்லாத கூடையில் எறிந்தாள்.

“கங்காணி, இன்னும் நிறுக்கலியா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

லயமே கூடிவிட்டது. டிஸ்பென்சரி ஐயா வந்தார், வாசற்படியைத் தாண்டவில்லை. வாயை மோந்துகூடப் பார்க்கவில்லை.

“லீவு நாள்ல கசிப்ப அடிச்சிட்டு ஆடுறா. தலையில தண்ணிய ஊத்திப் படுக்க வைங்க.”

“அவ குடிக்க மாட்டாங்கய்யா. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக தோட்டத்து லொறிய குடுங்க,” என்றாள் ரெங்கம்மா.

“குடிகாரிக்கெல்லாம் லொறி கெடையாது.”

ரெங்கம்மாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கொழும்பில் கடையில் நிற்கிற மகன் சதீஸ்குமாருக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? பெண்டாட்டி குடித்துச் செத்தாள் என்றா? நல்ல வேளையாக, ஞாயிறுதோறும் வேனில் துணி விற்க வருகிற லுணுகலைக் கடைக்காரர் வாஹித் அன்றைக்கும் லயத்தில் நின்றார்.

“வாஹித் நானா, துணி கெடக்கட்டும். வண்டிய எடுங்க.”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. துணிமூட்டைகள் லயத்து வாசலில் கிடக்க, வேன் பதுளைக்குப் பறந்தது. வழி முழுக்க சுதர்ஷினி ரெங்கம்மாவின் சேலையிலிருந்து கொழுந்து பறித்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அகீலா அவளுடைய கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி அகலமாக விரிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை.

“என்ன சாப்பிட்டாங்க? பக்கத்துல ஊமத்தை இருக்கா?”

ரெங்கம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்தக் காலத்துல இந்த இலைய சுருட்டா சுத்தி, ஆஸ்துமாவுக்குன்னு வெள்ளக்காரங்களே கடையில வித்தாங்கம்மா,” என்றாள் அகீலா, ஊசியைத் தயார் செய்துகொண்டே. “இந்தச் செடியோட குடும்பத்துல இருந்து வந்த மருந்தத்தான் இப்பவும் பூச்சிமருந்து குடிச்சவங்களுக்கு ஏத்துறோம். அளவு தெரிஞ்சவங்க கையில மருந்து. பாத்தியில மொளைச்சா விஷம். இன்னமும் ஏன் இதப் புகைக்கிறீங்க?”

“பம்ப் குடுத்திருந்தா நான் ஏம்மா செடி வளக்குறேன்?”

அகீலா அவளுக்கும் ஒரு மருந்துத் துண்டு எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும்போது ரெங்கம்மாவின் கையில் ஒரு பம்ப் இருந்தது.

சுதர்ஷினி பிழைத்து வீடு வந்தாள். ஆனால் குடிகாரி என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே மலையெல்லாம் சுற்றி வந்திருந்தது. கொழுந்து மலையில் பெண்கள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் இனி வேலைக்கே போகமாட்டேன் என்று முடங்கிக்கொண்டாள்.

ரெங்கம்மா செடியை வேரோடு பிடுங்கினாள். பாத்தியில் இருந்த கன்றுகளையும் ஒன்று விடாமல் பிடுங்கினாள். எல்லாவற்றையும் மண்ணோடு கொண்டுபோய் டிஸ்பென்சரி மேசைமேல் போட்டாள். ஏற்றம் ஏறி வந்ததில் பேச மூச்சு வரவில்லை. இடுப்பிலிருந்து பம்பை எடுத்து, ஐயாவின் முகத்துக்கு நேராக உறிஞ்சினாள்.

“என்னா இது? இந்தக் குப்பைய எடு,” என்றார் ஐயா.

“குப்பையில்லீங்க. நீங்க குடுக்காத மருந்து. இதத் தின்ன புள்ளையத்தான் குடிகாரின்னீங்க. லயத்துல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்க. அவ குடிக்கலேன்னு காலையில பெரட்டுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும். அதுவரைக்கும் தெனமும் வருவேன்.”

சொன்னபடியே தினமும் போய் அந்த வாசலில் உட்கார்ந்தாள். மருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொன்னாள். கடைசியில் ஐயாதான் சலித்துப்போனார்.

ஒரு காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியிருக்க, ஐயா முன்னால் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, சுதர்ஷினி அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, அது தன்னுடைய தவறு என்று முணுமுணுத்தார். ரெங்கம்மா கூட்டிவந்திருந்த சுதர்ஷினி தலை குனிந்து நின்றாள்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து ரெங்கம்மாவின் குரல் வந்தது.

“பின்னாடி கேக்கலீங்கய்யா. குடிகாரின்னு சொன்னப்ப நல்லாக் கேட்டிச்சே.”