வருகைப் பதிவேட்டில் முதல் பெயர்

எங்கள் நூலகத்தில் வெள்ளைக்கோல் வாரம் என்று ஒன்று வருடம் தவறாமல் வரும். மழைக்காலம் ஆரம்பித்து, குடைகளெல்லாம் வாசலில் சொட்டிக்கொண்டு நிற்கும் நாட்களில் வரும். முதல் நாள் மேடை, பதாகை, பேச்சு. கடைசி நாள் பார்வையற்றவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைக்கோல். போர்டு அக்கா வீட்டில் மட்டும் இப்படிப் பன்னிரண்டு கோல்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றால் ஒட்டடை அடிக்கிறார், இன்னொன்றை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். "மனுஷிக்கு எத்தனை கை இருக்குன்னு நினைச்சிட்டிருக்காங்க இவங்க?" என்று என்னிடம் கேட்டார்.

போர்டு அக்கா என்றால் நூலகத்தின் தொலைபேசி போர்டில் உட்கார்ந்திருப்பவர். ஐம்பத்திரண்டு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. போனில் யார் என்பதை "ஹலோ" முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார். நடையை வைத்தே ஆளைச் சொல்வார். எங்கள் கண்காணிப்பாளர் தாமதமாக வந்து பூனை மாதிரி உள்ளே நுழைவார். "குட் மார்னிங் சார், மணி பத்தே முக்கால்" என்பார் அக்கா, ஊருக்கே கேட்கிற மாதிரி. அதனால் கண்காணிப்பாளருக்கு அக்காவைக் கண்டாலே ஆகாது.

நான் படிக்கிறவள். உத்தியோகமே அதுதான். தரைத்தளத்தில், மாடிப்படிக்கு இடது பக்கம், வாசிப்பு உதவி அறை. பார்வையற்றவர்கள் கடிதம், விண்ணப்பம், மருந்துச் சீட்டு எதைக் கொண்டுவந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். அக்கா எனக்கு வைத்த பெயர் வாயாடி. இப்போதெல்லாம் போனே படிக்குமே என்பீர்கள். படிக்கும், அச்சடித்ததை. டாக்டர் கையெழுத்தை மருந்துக்கடைக்காரரே முழி பிதுங்கித்தான் படிக்கிறார், போன் எம்மாத்திரம்.

அந்த அறையே அக்கா மனு மேல் மனு போட்டு வாங்கியது. காரணம் அவருடைய தம்பி. தம்பி தங்கமான மனிதர். அக்காவுக்கு வரும் கடிதங்களை அவர்தான் வீட்டில் படித்துக்காட்டுவார். நல்ல செய்தி என்றால் இரண்டு தரம் படிப்பார், கெட்ட செய்தி என்றால் விழுங்கிவிடுவார். ஒரு முறை அக்காவை வேறு கிளைக்கு மாற்றி ஆணை வந்தது. "ஒண்ணுமில்லக்கா, சும்மா சர்க்குலர்" என்று மடித்து வைத்துவிட்டார். பதினைந்து நாள் கழித்து விஷயம் தெரிந்து, அதை ரத்து செய்ய அக்கா படாத பாடு பட்டார். அன்றைக்குத்தான் அறை வேண்டுமென்று முதல் மனுவைப் போட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா ஒரே ஒரு விதி சொன்னார். "இருக்கறதைப் படி. கூட்டாதே, குறைக்காதே. மூஞ்சில வருத்தம் காட்டினா எங்களுக்குத் தெரியாது. குரல்ல காட்டினா தெரியும்."

ஒன்பது வருடம் அப்படித்தான் படித்தேன். பிறகு கண்காணிப்பாளர் ஒரு பதிவேடு கொண்டுவந்து அறை வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். கூடவே நூல் கட்டிய ஒரு பேனா. விதி என்னவென்றால், அறைக்கு வருபவர் தாமே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வந்ததே ஆத்திரம்! பார்வையற்றவர்கள் வருகிற அறை வாசலில் நோட்டைத் தொங்கவிட்டு, வந்து எழுது என்றால் என்ன அர்த்தம்? "அவங்ககிட்ட பேனாவை நீட்டி அவமானப்படுத்த என்னால முடியாது சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பதிவேட்டைத் தொடவே இல்லை. வந்தவர்களிடமும் அப்படி ஒன்று தொங்குவதாக மூச்சு விடவில்லை. தினம் ஏழெட்டுப் பேர் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்.

வருடக் கடைசியில் தணிக்கைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். வெறும் கோடுகள். ஒரு வருடத்தில் ஒருவரும் வரவில்லை என்று முடிவு கட்டினார்கள். ஆறாவது நாள் அறையை மூடச் சொல்லி ஆணை வந்தது. என்னைப் புத்தக முதுகில் லேபிள் ஒட்டும் பிரிவில் தள்ளினார்கள். அறையில் என்ன வைத்தார்கள் என்று கேளுங்கள். வெள்ளைக்கோல் வாரத்துச் சாமான்களை வைத்தார்கள்! அறுபது நாற்காலி, மைக் ஸ்டாண்டு, 'பார்வையற்றோருக்கு என்றும் துணை நிற்போம்' என்று எழுதிய பதாகை, அட்டைப்பெட்டி நிறையக் கோல்கள்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். பதிவேட்டுக்கதையையும் சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். வேறு எதற்கும் வரிந்து கட்டிக்கொண்டு வருபவர் ஒரு "ஓ"வோடு நிறுத்தியது எனக்கு என்னவோ போலிருந்தது.

அக்காவுக்கு அறை தேவைப்பட்ட நேரத்தில்தானா இது நடக்க வேண்டும்? இரண்டு மூன்று மாதமாகவே அவர் போர்டில், "கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். லைன் சரியில்லை என்று லைனைத் திட்டினார். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அக்கா தம்பியோடு போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டார். டாக்டர் கைப்பட எழுதிய அறிக்கையைத் தம்பி வீட்டில் படித்துக்காட்டினார்.

"எல்லாம் நல்லாருக்குன்னு போட்டிருக்காம்" என்றார் அக்கா என்னிடம். "எந்த டாக்டர்டி எல்லாம் நல்லாருக்குன்னு எழுதுவாரு?"

"குடுங்கக்கா, இங்கயே படிச்சுடறேன்" என்று நடைபாதையிலேயே கை நீட்டினேன்.

"வேணாம். அந்த ரூம்ல நீ படிக்கிறவ. வெளியில நீ என் ஃபிரண்டு. ஃபிரண்டு பொய் சொல்லுவா."

"நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லுவ. என் தம்பியை விட நல்லாவே சொல்லுவ."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அறிக்கை அவர் கைப்பையிலேயே கிடந்தது. போகிறபோதும் வருகிறபோதும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கண் இல்லாததை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. காதும் போனால் போர்டும் இல்லை, செருப்புச் சத்தமும் இல்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

வெள்ளைக்கோல் வாரம் வந்தது. இந்த வருடம் 'இருட்டில் ஒரு மணி நேரம்' என்று புதிதாக ஒன்று. நூலகத் துறை இயக்குநர் கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் நூலகத்தைச் சுற்றி வந்து பார்வையற்றவர்களின் கஷ்டத்தை உணர்வாராம். கைபிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டும். கட்டடத்தில் இருக்கிற ஒரே பார்வையற்ற ஊழியர் அக்கா. அவர் தலையில் கட்டினார்கள்.

இயக்குநர் நல்ல உயரம், நல்ல குரல். கறுப்புத் துணியைக் கட்டியதும் குரல் பாதியாகிவிட்டது. அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைப்பவரைப் போல நடந்தார். பின்னால் போட்டோக்காரர்கள், கண்காணிப்பாளர், கூட்டத்தோடு கூட்டமாக நான். மாடிப்படி வந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் தேநீர், பூங்கொத்து எல்லாம் தயாராக இருந்தன. அக்கா இடது பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ப்ரோக்ராம்ல அந்தப் பக்கம் இல்லையே!" என்று கண்காணிப்பாளர் பல்லைக் கடித்தார்.

"வழி எனக்குத் தெரியும் சார்" என்றார் அக்கா. இயக்குநரும், "விடுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

அறைக்குள் இரண்டடி வைத்ததும் இயக்குநர் முழங்காலில் நாற்காலி இடித்தது. "அம்மாடி! என்ன இடம்மா இது?"

"வாசிப்பு உதவி அறை சார்."

"நாற்காலியால்ல இருக்கு?"

"இப்ப நாற்காலிக்குத்தான் சார் உதவி பண்ணிட்டிருக்கு."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அக்கா கதவோரமாகத் தடவி, ஆணியிலிருந்து பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். நூல் கட்டிய பேனாவை இயக்குநர் கையில் கொடுத்தார்.

"ரூல்படி இங்க வர்றவங்க தாங்களே பேரெழுதிக் கையெழுத்துப் போடணும் சார்."

இயக்குநர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா போடணும்?"

"அதுதான் சார் ஒரு வருஷமா எங்க யாருக்கும் தெரியல."

போட்டோக்காரர்கள்கூடப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் குனிந்து ஒரு கையெழுத்துப் போட்டார். அது மூன்று வரிகளைத் தாண்டிப் போய் மேஜைமேல் முடிந்தது. "இதுல மேல என்ன எழுதியிருக்கு? யாராவது படிங்க" என்றார்.

படிப்பதற்கு அங்கே என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? கண்காணிப்பாளர் கண்ணாலேயே என்னை எரித்தார். நான் முன்னால் போனேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. "பெயர், காலி. கையெழுத்து, காலி" என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். கடைசியில் தணிக்கைக் குறிப்பு. "ஆண்டு முழுவதும் வருகை எதுவும் இல்லை. அறையைப் பொருட்கள் வைக்கப் பயன்படுத்தலாம். ஒப்புதல் அளிக்கப்படுகிறது. கையெழுத்து."

"யார் கையெழுத்து?"

"உங்களோடது சார்."

இயக்குநரின் கை கண்கட்டின் முடிச்சுக்குப் போனது. அவிழ்த்தார். ஒரு மணி நேர இருட்டில் பதினான்கு நிமிடம் முடிந்திருந்தது. பதிவேட்டைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், சுருட்டி வைத்திருந்த பதாகையைப் பார்த்தார். அக்காவை மட்டும் பார்க்கவில்லை. "ஆயிரம் பேப்பர் வருது, எதைன்னு படிக்கிறது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போய்விட்டார்.

அக்காவை என்ன செய்வார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நான்காம் நாள் ஆணை வந்தது. லேபிள் பிரிவில் பசைக் கையோடு அதைப் படித்தேன். 'மேற்படி அறை பயன்பாட்டில் உள்ளது வருகைப் பதிவேட்டின் மூலம் உறுதியாவதால் தொடர்ந்து இயங்கலாம்.' எப்படி உறுதியானதாம்? இயக்குநரின் கையெழுத்தை வைத்துத்தான்! ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு வருகை, அதுவும் கண் தெரிந்தவர். என் பத்து வருடப் படிப்புக்கு அத்தாட்சி அவர்.

கடைசி நாள் விழாவில் அக்காவுக்குப் பதின்மூன்றாவது கோலைக் கொடுத்தார்கள். நாற்காலிகள் வேறு இடத்துக்குப் போயின, நான் லேபிள் பிரிவிலிருந்து அறைக்குத் திரும்பினேன். மறுநாள் காலை முதல் ஆளாக அக்கா அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

நான் பிரித்தேன். "இடது காது. கேட்கும் திறன் பாதிக்கும்..." அதற்குமேல் குரல் வரவில்லை.

"தண்ணியைக் குடி. குரலைச் சரி பண்ணிக்கிட்டு முதல்லேர்ந்து படி."

குடித்தேன். படித்தேன். "இடது காது. கேட்கும் திறன் பாதிக்கும் கீழே குறைந்துள்ளது. மீண்டு வர வாய்ப்பில்லை. கருவி பொருத்தலாம். வலது காது, தற்போது இயல்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்."

அக்காவின் விரல்கள் மேஜை விளிம்பில் போய் வந்துகொண்டிருந்தன. பிறகு, "அப்போ ரிசீவரை வலது பக்கம் மாத்திக்கணும்" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வராமல் அழுதேன். வலது காது இயல்புதான், அவருக்கு அது கேட்டிருக்கும்.

"சரி, ரெஜிஸ்டரைக் கொண்டா."

"நான் எழுதிக்கறேன்க்கா. இனிமே நானே எழுதலாம்னு சொல்லிட்டாங்க."

"கொண்டாடின்னா."

கொண்டுவந்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு, இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். அதைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தேன், இயக்குநரின் கிறுக்கலுக்கு நேர் கீழே. விரலை ஒட்டியே பேனாவை ஓட்டினார். கோடு தாண்டவில்லை. அழகான, சாய்ந்த, வாலில் சின்னச் சுழி வைத்த கையெழுத்து. நான் அதை முதல் முறையாகப் பார்த்தேன்.

"இருபத்தாறு வருஷமா சம்பளத்துக்கு இதைத்தான்டி போடறேன்" என்றார் அக்கா, பேனாவை மூடிக்கொண்டே. "எழுத வருமான்னு ஒரு தடவை நீ கேட்டிருக்கலாம்."