மீன் கூடாது என்று வாசித்தேன்

என் மாமனாருக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த காகிதத்தில் மீன் சாப்பிடலாம் என்றுதான் இருந்தது. கூடாது என்று வாசித்தவள் நான்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுவதற்கு மனசாட்சி காரணமில்லை. எனக்கும் இப்போது அதே சர்க்கரை வியாதி. போன வாரம் டாக்டர் கொடுத்த சாப்பாட்டுத் தாளை என் மருமகள் கையில் எடுத்து, "நான் படிச்சுச் சொல்லுகேன் மாமி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண், குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவள் முகம் வாடிப்போனது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக நானே வாசித்தேன்.

எங்கள் வீடு கருங்கல் சந்தையிலிருந்து நடந்துவிடும் தூரத்தில் இருந்தது. மாமனாருக்குச் சந்தையில் கொப்பரை வியாபாரம். சபையில் முன்வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு, வேறு யாரும் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எழுத்து வேலை பார்த்தார். கிறிஸ்மசுக்கு வருவார், நடுவில் இன்னொரு தடவை வந்தால் உண்டு. ஆக அந்த வீட்டில் மாமா, மாமி, நான், பிறகு என் மகள். மகன் பிறந்தது இதற்கெல்லாம் பிறகு.

மீன் விஷயத்தில் மாமாவை யாராலும் ஏமாற்ற முடியாது. கடியப்பட்டணத்திலிருந்து மீன்காரி முற்றத்தில் வந்து தலையிலிருந்த ஓலைக் கடவத்தை இறக்குவாள். மாமாவே குனிந்து ஒவ்வொரு மீனாக எடுத்து, செவுளைப் பிரித்துப் பார்ப்பார். "இது நேத்தைய மீனு" என்றால் அது நேற்றைய மீன்தான். மீன்காரி எதிர்த்துப் பேசமாட்டாள். மூன்று வேளையும் அவருக்கு மீன் வேண்டும். அவர் உண்டு எழுந்திருக்கும்வரை பெண்கள் சட்டியைத் தொடக்கூடாது. நடுத்துண்டெல்லாம் அவருக்குப் போய், தலையும் வாலும் எங்களுக்கு வரும்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "வந்தவ" என்பார். "வந்தவகிட்ட வெந்நி போடச் சொல்லு" என்று மாமியிடம் சொல்வார், நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன்.

என் அம்மா சின்ன வயதிலேயே செத்துப்போனதால் எனக்குப் பிரசவம் புருஷன் வீட்டில்தான் நடந்தது. பெண் குழந்தை. எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் சுறா கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பதினோராம் நாள் மாமி மீன்காரியிடம் சொல்லி வைத்துச் சின்னச் சுறா வாங்கி, பூண்டு தட்டிப் போட்டு அவித்து, எனக்கென்று ஒரு சட்டியில் எடுத்து வைத்தாள். மாமா சந்தையிலிருந்து வந்ததும் மணம் பிடித்துவிட்டார்.

"பெட்டப்பிள்ளையப் பெத்தவளுக்கு என்னத்துக்குட்டி சுறா? மரச்சீனி தின்னாலும் பாலு வரும்" என்றார்.

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, ரேஷன் அரிசி போதாத அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தின்னக் கிடைத்த ஒரே பொருள். சட்டியை எடுத்து வரச் சொல்லி, ஜெபம் பண்ணி, முழுவதையும் அவரே தின்றார். நான் கதவுக்கு அந்தப்பக்கம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழுதது. அவர் விரலைச் சூப்பும் சத்தமும் கேட்டது. நாற்பது நாளில் பால் அடியோடு வற்றிவிட்டது. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து ஊட்டித்தான் என் மகளை வளர்த்தேன். இரண்டு வயதுவரை அவள் எழுந்து நிற்கவில்லை.

அவள் நிற்கத் தொடங்கிய வருஷம் மாமாவுக்கு வியாதி தெரிந்தது. அவர் ஒன்றுக்குப் போகும் தென்னைமூட்டில் எறும்பு மொய்ப்பதை மாமிதான் முதலில் பார்த்தாள். ஆள் மெலிந்துகொண்டே வந்தார். தண்ணீர் செம்பு செம்பாகக் குடித்தார். கொப்பரைக் களத்தில் சிரட்டைச் சில்லு ஒன்று கால் பெருவிரலில் ஏறி, ஒன்றரை மாதமாகியும் புண் ஆறவில்லை. துணைக்கு ஆளில்லாததால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவரோடு போனேன்.

டாக்டர் ஒரு குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் மாமாவின் மூத்திரத்தைச் சில சொட்டு விட்டு, விளக்கில் சூடு காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது, அவ்வளவு சர்க்கரை. அவர் வடக்கே எங்கேயோ இருந்து மாற்றலாகி வந்தவர், மலையாளம்தான் பேசுவார். ஊசி பிறகு பார்க்கலாம், முதலில் சாப்பாட்டை ஒழுங்கு பண்ண வேண்டும், ஒழுங்கானால் புண் ஆறும், இல்லையென்றால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார். வெளியே ஜனம் நெருக்கியடித்து நின்றது. மளமளவென்று ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்.

அப்போது எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. சர்க்கார் காகிதம் எல்லாம் மலையாளத்தில்தான் வரும். மாமா வேதபுத்தகத்தைத் தமிழில் தலைகீழாகச் சொல்லுவார், ஆனால் மலையாள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சர்க்கார் உத்தியோகம் கிடைக்கும் என்ற ஆசையில் என் அப்பா என்னை ஏழாம் வகுப்புவரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்திருந்தார். உத்தியோகம் கிடைக்கவில்லை. இந்தக் காகிதம்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து மாமா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். மாமி கதவோரம் நின்றாள். நான் வாசித்தேன். அரிசிச் சோறு மத்தியானம் மட்டும், அதுவும் ஒரு சின்னக் கிண்ணம். மற்ற வேளைக்குக் கோதுமை. மரச்சீனி கூடாது. சீனி, கருப்பட்டி கூடாது. ஏத்தன் வாழைப்பழம் கூடாது. பாயசம் நினைக்கவே கூடாது.

"கருப்பட்டியுமா?" என்று மாமி கேட்டாள். "கருப்பட்டி சீனியா மக்கா? அது மருந்துல்லா. சுக்கோட இடிச்சுக் குடுத்தா எல்லாச் சீக்கும் போவும்."

"எழுதியிருக்கு மாமி" என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த வரி, சாப்பிடக்கூடியவை. மீன், முட்டை, மோர், கீரை, பாகற்காய். மீன்தான் முதலில் இருந்தது. மீன் என்கிற சொல் இரண்டு பாஷையிலும் மீன்தான், எழுத்து மட்டும்தான் வேறு. நான் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

"மீனு?" என்றார் மாமா. அந்த மனுஷன் பயந்து கேட்டு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"மீனு தொடப்பிடாதுன்னு எழுதியிருக்கு மாமா."

முன்கூட்டி யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்திக்கொள்ள நேரம் இருந்தது, நான் திருத்தவில்லை. யாரும் சந்தேகப்படவும் இல்லை. புண் உள்ளவனுக்கு மீன் ஆகாது, சீழ் வைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பத்தியம்தான். நான் வாசித்த உண்மையை விட்டுவிட்டுப் பொய்யைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த நாளிலிருந்து அவருக்குக் கோதுமைக் கஞ்சியும் பாகற்காய்த் துவரனும். முட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மீன்காரி வருவது நிற்கவில்லை, எங்களுக்கு வியாதி இல்லையே. அயிலை மீனில் புளிமுளம் என்ற குழம்பு வைத்தால் மணம் தெருமுனை வரைக்கும் போகும். அவர் பாகற்காய்க்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார், அந்த ஜெபம் நாளுக்கு நாள் குறைந்து வந்தது. அவர் கை கழுவும்வரை காத்திருக்கும் பழக்கத்தை நான் விட்டேன். அடுக்களை வாசலில், அவர் கண்ணுக்குப் படும்படியாக உட்கார்ந்து, நடுத்துண்டாக எடுத்து வைத்துத் தின்றேன். என் மகளுக்கு முள் எடுத்து ஊட்டினேன். இவ்வளவு ருசியான மீனை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. உள்ளதைச் சொல்வதற்கு என்ன.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. அவரிடம் அடியும் வசவும் வாங்கியே வயதானவள். ஆனாலும் அவர் பட்டினியாக எழுந்து போனால் இவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவாள்.

"ஒருக்கா கூடி நோக்கு மக்கா. சாளையாவது எழுதியிருக்கா?"

"இல்ல மாமி."

"கருவாடு?"

"இல்ல."

அவள் காகிதத்தை மடித்து வேதபுத்தகத்துக்குள் திரும்ப வைப்பாள். மூன்று நாலு தடவையாவது இப்படி நடந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாயில் மறுபடியும் செங்கல் நிறம். விரல் கறுத்திருந்தது. டாக்டர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் கொடுத்த சாப்பாட்டுக்கு நிறம் இறங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் விறகுப்புரையில் மாமியைப் பிடித்தேன். அவருடைய காப்பியில் கைமுட்டியளவு கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு ஏத்தன்பழம், அவித்தது.

"எத்தற நாளா மாமி?"

"மீனுதான் இல்லன்னாச்சு" என்றாள். "அந்த மனுஷன் என்னத்தத் தின்னு உயிர் வாழும்? கருப்பட்டி மருந்துல்லா மக்கா, காலத்தயும் அந்திக்கும் குடுத்தா புண்ணும் ஆறும்னு நெனச்சேன்."

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மீன் தின்னலாம் மாமி, நான் தப்பாக வாசித்துவிட்டேன். அவள் கருப்பட்டியைத் தூரப் போட்டுவிட்டு ஓடிப்போய் மீன்காரியைக் கூப்பிட்டிருப்பாள். விரலோடு போயிருக்கும், கால் தப்பியிருக்கும். இது எனக்கு அப்போதே தெரியும், பிறகு புத்தி வந்து தெரிந்துகொண்டதில்லை. ஆனால் சொன்னால் அவர் என்னை என்ன செய்வார் என்ற பயம் ஒருபக்கம். அந்தச் சுறாச் சட்டி இன்னொரு பக்கம்.

"நீங்கதான் அவருக்க காலத் தின்னுகீங்க மாமி" என்றேன்.

கருப்பட்டிப் பானையைத் தூக்கி என் அறையில் வைத்துப் பூட்டினேன். மாமா கேட்டபோது காரணத்தையும் சொன்னேன். அவர் மாமியை வைத வசவை இங்கே எழுத முடியாது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். மீனும் முட்டையும் இல்லாமல் வற்றிப்போன உடம்பில் புண் ஆறவில்லை, கறுப்பு விரலிலிருந்து பாதத்துக்கு ஏறியது. அடுத்த மாதம் முட்டுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

எடுத்து ஐந்தாறு நாள் இருக்கும். மாமி துணி அலச ஆஸ்பத்திரிக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். நான் கட்டிலருகே நின்றேன். சாப்பாடு கொண்டுவரும் பெண் ஒரு தட்டை வைத்தாள். கொஞ்சம் சோறு, கீரை, ஒரு துண்டு அயிலை.

"எனக்கு மீனு பிடாதுல்லா" என்றார் மாமா.

"ஆரு சொன்னா? இந்தச் சீக்குக்காரங்களுக்கு எல்லாம் மீனு உண்டு. டாக்டரு எழுதித் தரல்லியா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீன்காரியின் கடவத்தில் செவுளைப் பிரித்துப் பார்க்கும் அதே பார்வை. ஓடிவிடலாம் என்று தோன்றியது, ஓடவில்லை.

"அந்தச் சுறாவுக்கா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

வைவார், தட்டைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மீனை எடுத்து, முள்ளை உருவி, நிதானமாகத் தின்றார். ஜெபம் பண்ணவில்லை. முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, "இனி நீ வந்தவ இல்ல. எங்க வீட்டு ஆளுதான்" என்றார்.

அதற்குள் மாமி ஈரத்துணியோடு வந்துவிட்டாள். முள்ளைப் பார்த்துப் பதறினாள். "மீனா? தின்னலாமா?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார். "காலுதான் போச்சே. இனி என்னத்த வேணும்னாலும் தின்னலாம்னு டாக்டரு சொல்லியாச்சு. எல்லாம் நீ தந்த கருப்பட்டிக்க வேலை."

மருமகள் ஒருத்தி தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று ஊர் அறிவதைவிட, மனைவி காலைக் கொண்டுபோனாள் என்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. எனக்கும்தான். மாமி ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் தட்டைக் கழுவப் போனேன்.

அவர் மேலும் மூன்று வருஷம் இருந்தார். தினமும் மீன் தின்றார், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமி அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தாள். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் சாகும்வரை அவள் கருப்பட்டியை வாயில் வைக்கவில்லை. இனிப்பில்லாத கடுங்காப்பிதான். ஏன் பாட்டி என்று என் மகள் கேட்டால், "நான் ஒரு பாவம் செய்தேன் மக்கா" என்பாள். தினமும் காலையில் அந்தக் காப்பியைப் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.